ஏழாம் நம்பர் மாமாவும் மஞ்சள் பெட்டியும்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டுக்கு விலங்கியல் அட்டை போட்டாயிற்று. மண்புழுவின் குடல் வரைந்திருக்கிற அட்டையை அம்மா தொடக்கூட மாட்டாள். அக்கா தொடுவாள், அவள் டாக்டர். ஆனால் அவளுக்குச் சொந்தக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே தெம்பில்லை. போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எச்சில் ஒழுகினால் மன்னிக்கவும்.

அக்கா குழந்தைகள் வார்டில் மேற்படிப்பு படிக்கிறாள். படிப்பு என்று பேர்தான். முப்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து தட்டில் முகம் வைத்துத் தூங்குகிறாள். இதில் புதிதாக ஒரு தலைவலி. வருகிற பதினாறாம் தேதி காலை ஏழு மணியிலிருந்து ஆஸ்பத்திரியில் காகிதமே கிடையாதாம். மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு டாக்டரும் பன்னிரண்டு பாடம் முடித்துப் பரீட்சை எழுதணும். முடிக்காவிட்டால் பாஸ்வேர்ட் இல்லை. பாஸ்வேர்ட் இல்லாமல் வார்டுக்குள் போக முடியாது, வார்டு இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

"நீ உக்காந்து அடுத்து, அடுத்துன்னு அழுத்திட்டே இரு. நான் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன்" என்றாள்.

அந்த அஞ்சு நிமிஷம் காலை ஆறு மணிக்கு முடிந்தது.

ஜூன் 5, வியாழன்

பழகுவதற்கென்று பொய் நோயாளிகளை வைத்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ஏழாம் நம்பர். நாற்பத்தைந்து வயது, எழுபது கிலோ, எல்லாப் பாடத்திலும் காய்ச்சல். தேறவும் மாட்டார், போய்ச் சேரவும் மாட்டார். ஏழாம் நம்பர் மாமா என்று பெயர் வைத்தேன். நேற்று மட்டும் மாமாவுக்கு நான்கு எக்ஸ்ரே. சும்மா இருக்கட்டுமே என்று கர்ப்பப் பரிசோதனையும் எழுதினேன். உடனே மஞ்சளாக ஒரு பெட்டி குதித்து வந்தது: 'நோயாளி ஆண். தொடரலாமா?'

அந்தப் பெட்டிக்கு வேறு வேலையே இல்லை. எடையைப் பார்த்தீர்களா? அளவு சரிதானா? நிச்சயமாகத்தானா? அச்சு அசல் எங்கள் கணக்கு டீச்சர். ஆனால் மூலையில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது: 'இந்த எச்சரிக்கை இனி வேண்டாம்.' டிக் அடித்தேன். கப்சிப். கணக்கு டீச்சருக்கும் எங்காவது இப்படி ஒரு கட்டம் இருக்க வேண்டும், தேடிப் பார்க்கணும்.

மாமாவுக்கு ஒவ்வொரு பாடத்திலும் அதே காய்ச்சல் மருந்தை முதலிலிருந்து எழுதுவது எரிச்சல். இரண்டு மாத்திரை, மூன்று வேளை என்று ஒரே தடவை எழுதி, 'விருப்பப் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறதே, அதில் 'காய்ச்சல்' என்ற பெயரில் போட்டு வைத்தேன். இனி ஒரே அழுத்தல்தான். நான் எவ்வளவு புத்திசாலி!

ஜூன் 6, வெள்ளி

முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன மாதம் கணக்கில் எனக்கு முப்பத்தொன்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

அநியாயம். அக்காதான் முதல் மார்க்காம்.

பயிற்சிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனவர். அக்கா அவருக்கு வைத்த பெயர் மவுஸ் டாக்டர். அவர் நாற்பத்தொரு பேர் முன்னாலும் அக்காவை எழுப்பி நிறுத்தி, "திங்கக்கிழமை இவங்களும் மத்தவங்களுக்குச் சொல்லித் தருவாங்க" என்று சொல்லிப் பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டாராம். யாருக்காவது சந்தேகம் வந்தால் பச்சைச் சட்டையைத்தான் கேட்கணுமாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்து, இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஏண்டி, கொஞ்சம் மோசமா எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"இதுவரைக்கும் என்கிட்ட யாருமே இப்படிக் கேட்டதில்லக்கா."

சிரித்துவிட்டாள். அப்புறம் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பச்சைச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

சாயங்காலம் அக்காவின் லேப்டாப்பில் படம் பார்க்கத் திறந்தேன். மேலேயே ஒரு மெயில்: 'பயிற்சியின்போது நீங்கள் சேமித்த விருப்பப் பட்டியலும் எச்சரிக்கைத் தேர்வுகளும் நாளை காலை ஏழு மணிக்கு அப்படியே உங்கள் நிஜக் கணக்குக்கு மாற்றப்படும்.'

அப்படியே. நிஜக் கணக்குக்கு.

அக்கா இருப்பது குழந்தைகள் வார்டு. அங்கே பத்து கிலோ, பன்னிரண்டு கிலோ. மாமா எழுபது கிலோ! அரைத் தூக்கத்தில் திரையைப் பார்ப்பாள், 'காய்ச்சல்' என்று இருக்கும், ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அழுத்துவாள். தடுக்க வேண்டிய மஞ்சள் பெட்டியின் வாயில் துணியை அடைத்தது யார்? நான்தான்.

அழிக்கலாமென்று பயிற்சிப் பக்கத்தைத் திறந்தால், பயிற்சி முடிந்தது என்று பூட்டிவிட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு இன்று பகல், ராத்திரி முழுக்க டியூட்டி. ஆறு தடவை கூப்பிட்டேன், போன் அணைந்திருக்கிறது. வார்டு நம்பருக்குப் போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தார்.

"டாக்டர் வேலையா இருக்காங்கம்மா. அவசரமா?"

"அவசரந்தான்."

"என்ன அவசரம்?"

"சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு கேக்கணும்" என்று உளறிவிட்டு வைத்துவிட்டேன். சாப்பாடு! என்னை என்ன செய்தால் தகும்?

சொன்னா அக்கா பரீட்சைல ஏமாத்தினது வெளிய வந்துடும். அவளை அனுப்பிட்டாங்கன்னா? சொல்லலன்னா ஏதோ ஒரு குழந்தை, எனக்கு முகம்கூடத் தெரியாது. அம்மாகிட்ட சொல்லலாமா? கொன்னே போடுவா. கொல்லட்டும், அது வேற விஷயம். நான் ஏன் அந்த டிக்க அடிச்சேன்?

டார்ச் மங்குகிறது. முதல் பஸ் எத்தனை மணிக்கு?

ஜூன் 16, திங்கள்

சீருடையோடு கிளம்பி, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வார்டு வாசலை அடையும்போது ஏழு ஐம்பது. பச்சைச் சட்டையில் வயிறு பிதுங்க ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நீங்கதானே மவுஸ் டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா, டிக், 'காய்ச்சல்', தொண்ணூற்றெட்டு. பாதி கேட்கும்போதே டீயை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். தலைமை நர்ஸ் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையை ஏந்திக்கொண்டு, "டாக்டர், பாப்பா பதினோரு கிலோ. இதை முழுங்கச் சொல்லவா, இல்ல வெளையாட வச்சுக்கச் சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டம்ல அப்படித்தானே வருது சிஸ்டர்…"

"சிஸ்டம் பாப்பாவத் தூக்கிப் பாத்துச்சா?"

அக்கா திரையைத் திரும்பப் பார்த்தாள். முகம் வெளுத்தது. அப்போதுதான் என்னையும் பார்த்தாள்.

"அது நான்தான்கா" என்றேன்.

மவுஸ் டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் வார்டிலிருந்த மற்ற டாக்டர்களைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நாப்பத்தோரு பேர் பாடம் முடிச்சிருக்கீங்க. இன்னும் எத்தனை பேர் வீட்டுல தங்கச்சி இருக்கு?"

இரண்டு பேர் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். ஒருவர், "எனக்குத் தம்பி சார்" என்றார்.

எட்டரை மணிக்குள் எல்லாருடைய பட்டியலையும் துடைத்துவிட்டார்கள். எல்லா மஞ்சள் பெட்டிகளையும் திரும்பப் பேச வைத்துவிட்டார்கள். அந்தப் பதினோரு கிலோ, கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டே என்னை முறைத்தது. முன்னால் இரண்டு பல். முகம் தெரிந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா பேசவில்லை. அம்மா பேசினாள். அக்காவே தேவலாம்.

பச்சைச் சட்டையை வாங்கிவிட்டார்களாம். அக்காவின் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம். பன்னிரண்டு பாடமும் முதலிலிருந்து படித்து, மவுஸ் டாக்டர் கண்முன்னால் பரீட்சை எழுதணும். அதுவரை அக்கா எழுதுகிற ஒவ்வொரு மருந்துக்கும் இன்னொருவர் கையெழுத்து. ஆனால் மேற்படிப்புச் சீட்டு போகவில்லை. போகவில்லை! இதை மட்டும் மூன்று தடவை எழுத ஆசை. பேனாவில் மை குறைவு.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் பேசவில்லை. பக்கத்திலிருக்கிற உப்பை அம்மா வழியாகக் கேட்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

நாளை அக்காவுக்குப் பரீட்சை. மாலை டியூட்டி முடித்து வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்துப் படிப்பதுபோல் இருந்தேன். அரை மணி நேரம் கழித்து,

"ஏய். மண்புழு. இங்க வா" என்றாள்.

மண்புழு! அப்படியென்றால் இந்த நோட்டை… வேண்டாம், இப்போது யோசிக்காதே.

"கையைப் பின்னால கட்டிட்டு நில்லு. வாய் மட்டும் போதும். சேமிச்சத எப்படி அழிக்கறது?"

சொன்னேன். அவளே அழுத்தினாள், தப்பான இடத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி தேடி, சரியான இடத்தை அவளே கண்டுபிடித்தாள்.

ஏழாம் நம்பர் மாமாவைக் காணோம். அவர் படுக்கையில் ஒரு பாப்பா, பதினோரு கிலோ. இனி எல்லா டாக்டருக்கும் முதல் பாடமே அதுதானாம்; மவுஸ் டாக்டர் மாற்றிவிட்டார். மாமாவுக்கு ஒருவழியாகக் காய்ச்சல் விட்டுவிட்டது போலிருக்கிறது.

அக்கா பாப்பாவுக்கு மருந்து எழுதினாள். மஞ்சள் பெட்டி குதித்து வந்தது.

அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கீழே இறங்கவில்லை. கண் சொக்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் முதல் வார்த்தையிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நானும் பின்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரை கூடவே படித்தேன்.