டோப்பா விற்கிறவன் சொன்ன செய்தி

அன்பு மகள் பட்டுவுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். நாங்கள் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால்தான் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

உன் அத்தை மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று போன மாதம் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. முடிவு வரும்வரை சும்மா உட்கார முடியாமல் எப்போதும்போல மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிக் காதோரம் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவன் டோப்பா விற்கிறவன். "மேடம், கீமோ ஆரம்பிச்சா முடி கொட்டும், இப்பவே அளவு குடுத்தீங்கன்னா தள்ளுபடி உண்டு" என்றானாம். தனக்குக் கேன்சர் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியவரின் வேலையை முடித்து, துடைக்கத் துணியும் கொடுத்து அனுப்பிவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அண்ணி, எனக்குக் கேன்சராம். விக் விக்கிறவன் சொல்றான்" என்றாள். செருப்போடேயே அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன் பட்டு.

அன்று மாலை டி.வி. முழுக்க இதே பேச்சு. அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாருடைய நம்பரையும் ரிப்போர்ட்டையும் திருடி எவனெவனுக்கோ விற்றுவிட்டார்கள், கூடத்துக்காரர்களுக்கு முன்பே தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். இவள் எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாள், ஊசிக்கு உடம்பைத்தானே கொடுத்தாள். மேல்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர், மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம் என்று படிக்கட்டில் நின்று அளந்தார். அப்படியானால் உங்கள் மூல வியாதி ரிப்போர்ட்டை இந்தச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டேன், அதிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நிம்மதி.

மறுநாள் கூடத்துக்கு நானும் கூடப் போனேன். வரிசை வாசல் தாண்டி நின்றது, ஆளாளுக்குச் சத்தம். மேனேஜர் சிரித்த முகமாக, யாரும் பயப்பட வேண்டாம், பணம் சம்பந்தமான தகவல் எதுவும் போகவில்லை என்றார், ஆளுக்கொரு இலவசப் பரிசோதனைக் கூப்பனும் நீட்டினார். அத்தை கூப்பனை வாங்கவில்லை. குரலை உயர்த்தாமல், "என் உடம்புல என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி ஒரு வியாபாரிக்குத் தெரிஞ்சிருக்கு. இதுல எது போகலைங்கறீங்க?" என்று கேட்டாள். அந்த மனிதர் கூப்பன் கட்டை அடுக்கி அடுக்கிப் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று, பிழைத்துவிடுவாள் என்று டாக்டரம்மா சொன்னார். உன் அறையில்தான் படுத்திருக்கிறாள், என் சமையலில் உப்பு குறைகிறது என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். வக்கீல் அத்தையிடம் பேரை வெளியே சொல்லாமலும் போடலாம் என்றார். "திருடினவன் மறைஞ்சிருக்கட்டும், நான் எதுக்கு மறையணும்?" என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, அத்தைக்குப் போன் செய், ஆனால் உடம்பைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவளுக்குத் தோன்றினால் சொல்வாள். அதை யாரிடம் சொல்வது என்பதாவது இனி அவள் இஷ்டமாக இருக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா