ஒரே வரியில் போனவர்கள்

என் அருமைப் பிரளயத்துக்கு அப்பா எழுதுவது. இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் சுகத்தை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷின் பார்த்துக்கொள்கிறது, மிச்ச நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், ரெண்டு பேர்ல மெஷின்தான் பொறுமைசாலின்னு அவள் சொல்கிறாள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், போனில் உன் குரல் அப்படித் தெரியவில்லை.

போனில் பேசினால் உனக்கு அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இனிமேல் எழுதப் போவதில்லை, அடுத்த நாவல் கிடையாது என்று பதிப்பகத்தில் சொல்லிவிடப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து என் வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை. ஐந்து நாவலில் ஐந்து தடவை உலகத்தை அழித்தவள் நீ. பார்க்கும்போதெல்லாம் உன் சித்தப்பா, இந்த வருஷம் எதை வச்சு அழிக்கப் போறாளாம்னு கேட்பான், லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு ஒரு புஸ்தகத்திலயாவது ஒரு லிஃப்ட்டை ஓட விட்டாளா பாருடா என்று நானும் சிரிப்பேன். கடைசி நாவலை மட்டும் அம்மா கண்ணில் காட்டாதீர்கள் என்றாய். ஏன் என்று எனக்குத் தெரியாதா. அம்மாவுக்குக் கிட்னி கெட்டுப்போவதற்கு முன்னாலேயே நீ எழுதி முடித்தது அது, உலகம் பூரா கரண்ட் போய்த் திரும்பி வராத கதை, முதல் அத்தியாயத்திலேயே நீ பயப்படுகிற அந்த வரி இருக்கிறது. என் ஸ்பானர் பெட்டிக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்தேன். ஆனால் இந்த வீட்டில் உன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பொருளை வைக்க நான் இன்னொரு ஜென்மம்தான் எடுக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மெஷினில் படுத்ததும் பையிலிருந்து அதை எடுத்து நீட்டுகிறாள், ஒரு கையில ஊசி இருக்கு, பிடிக்க முடியல, நீங்க படிங்கன்னு.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர், எதிரே ரிட்டயர் ஆன கணக்கு டீச்சரம்மா, எல்லோருக்கும் அதே மெஷின், அதே சிவப்புக் குழாய். நான் மெதுவாகத்தான் படித்தேன். தெருவிளக்கு ஒவ்வொன்றாக அணைகிற இடம் வந்ததும் டீச்சரம்மா டிவியை நிறுத்தச் சொன்னார், மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாளே உன் கதாநாயகி, அவள் வந்ததும் சிஸ்டரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது அம்மாடி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை எங்கேயோ ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து எழுதியது, இங்கே முன்பின் தெரியாதவர்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வைக்கிறது, இது என்ன வித்தை, உனக்கு எங்கிருந்து வந்தது, எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் இப்படி யாரும் கிடையாதே.

அந்த வரி வந்தது. தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். கண்டக்டர் விடுவாரா, சார், ஒரு ஸ்டாப்பு நிக்காமப் போயிட்டீங்களேன்னார். நான் திருதிருவென்று முழித்தேன். உன் அம்மா கண்ணை மூடியபடியே, படிங்க, என் பொண்ணு எழுதினது, நான் கேக்கணும் என்றாள். படித்தேன். "ஆஸ்பத்திரிகளில் மெஷினை நம்பி இருந்தவர்கள் முதல் வாரத்திலேயே போய்விட்டார்கள்." அவ்வளவுதான் அந்த வரி. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததைத்தான் நீ கேட்க வேண்டும். கண்டக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், உங்க பொண்ணு ஒரே விசில்ல அத்தனை பேரையும் இறக்கி விட்டுடுச்சேன்னு. டீச்சரம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, கணக்குத் தப்பு, நான் பத்தியமா இருக்கிறவ, ஒரு வாரத்துக்கு மேலேயே தாங்குவேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார். சரி, மெஷின் நின்ன அந்த நாளெல்லாம் என்னதான் பண்ணுவீங்கன்னு சிஸ்டர் கேட்டாள், உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் தன் பழைய ரூட்டைக் கடைசி ஸ்டாப் வரைக்கும் நடந்தே போய்ப் பார்ப்பாராம். டீச்சரம்மா தன் தம்பியிடம் பேசப் போவாராம், பேசிப் பல வருஷம் ஆச்சாம். வார்டை விட்டு நான் எங்கே போவேன் என்றாள் சிஸ்டர். உன் அம்மாவிடம் கேட்டார்கள். கிட்னி தாங்காதென்று தினம் காலையில் அரை லிட்டர் பாட்டிலில் அவளுக்குத் தண்ணீர் அளந்து வைக்கிறேனே, அன்றைக்கு முழுக்க அதற்கு மேல் ஒரு மடக்கு கேட்டாலும் முறைக்கிறேனே, அந்த ராட்சசன் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னாள், ஒரு செம்புத் தண்ணி, அளக்காம, அண்ணாந்து மடக் மடக்குன்னு குடிப்பேன். அங்கே எல்லோருக்கும் அளவுத் தண்ணீர்தான், எல்லோருக்கும் அந்தத் தாகம்தானே. இத்தனை மாதமாக ஒருநாள்கூட என்னிடம் சொல்லாத ஆசை, உன்னுடைய ஒரு வரி கேட்டதும் வாயைத் திறந்து வந்துவிட்டது. நான் பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

நீ அந்த வரியை நினைத்துக் கூசிப்போய் எழுத்தையே விட்டுவிடப் பார்க்கிறாய், இங்கே அந்த வரி போதவில்லை என்று தகராறு நடக்கிறது. அச்சானதை மாற்ற முடியாது, தெரியும். அடுத்த நாவல் எங்களுக்குத்தான், எங்களோட அந்தச் சில நாளை முழுசா எழுதச் சொல்லுங்க, உயிரோட வைக்கணும்னு இல்ல, அவசரமா மட்டும் அனுப்ப வேண்டாம்னு உன் அம்மா சொல்லச் சொன்னாள். அவள் சொல்லி இந்த வீட்டில் எது நடக்காமல் இருந்திருக்கிறது?

நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன் கை ஓயக்கூடாது, அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ராத்திரி கண் முழிக்காதே, குளிர்ந்த தரையில் செருப்பில்லாமல் நடக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கவரை ஒட்டப் போன என்னை நிறுத்தி அம்மா எழுதச் சொன்னது இது: கதையில் அந்தச் செம்பு நிறைய இருக்கணுமாம், அப்பா மாதிரி நீயும் அரைச் செம்போடு நிறுத்திவிடக் கூடாதாம்.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா