திருப்பி அனுப்பிய இசைத்தட்டு

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புதுப் பைப்பின் வாசனை அடித்தது. உங்கள் மல்பெரித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டபோது வீடெல்லாம் அடித்ததே, அதே வாசனை. இசைத்தட்டும் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் செய்கிறார்கள் என்று நீதான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாய். பெட்டி நிறைய நம்முடைய பாட்டு. உறையில் உன் பெயரும் என் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. நன்றாகத்தான் வந்திருக்கிறது. நீதான் இதைக் கேட்கவில்லை. அதற்குப் பாதிக் காரணம் உன் நோய், மீதிப் பாதி நான். அதை உனக்கு எழுதாமல் ஒரு தட்டைக்கூட யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

கல்லூரி முடிந்து நான் ஓசூரில் ஒரு கம்பெனிக்குத் தரப் பரிசோதனை வேலைக்குப் போனேன். நீ மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் உங்கள் நிலத்திலேயே பட்டுப்புழு வளர்க்க உட்கார்ந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். பாட்டும் கிடாரும் உன்னுடையவை. கஞ்சிராவும் பதிவு வேலையும் என்னுடையவை. கூடுகளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அடுத்த புழு வரும்வரை வளர்ப்பு மனை காலியாகக் கிடக்கும். அதுதான் நமக்கு ஸ்டூடியோ. சுவரெல்லாம் கோணிச்சாக்கு தொங்கவிட்டோம். மனையைக் கழுவிய பிளீச்சிங் பவுடர் நெடியில் பாட்டுக்கு நடுவே உனக்கு இருமல் வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. உன் அம்மா எட்டிப் பார்த்து, “புழுவுக்குக்கூட இவ்ளோ பக்குவம் பாத்ததில்லியேடி நீ” என்றார்.

நம்மைப்போலச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உனக்கு அது போதவில்லை. “போன்ல உட்டா வெரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க. தட்டுன்னா எந்திரிச்சு வந்து திருப்பிப் போடணும்ல?” என்றாய்.

தட்டுக்கு ஏற்றபடி ஒலியைச் சீர்செய்து கொடுத்த சென்னை அண்ணன் நமக்கு வரிசையாகப் பாடம் எடுத்தார். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போனால் சத்தம் இளைத்துவிடுமாம். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்கத் தெளிவு குறையுமாம், அதனால் அடங்கிய பாட்டைக் கடைசியில் வைக்க வேண்டுமாம். முதல் பக்கத்தில் நமக்கு நான்கு நிமிடம் கூடுதல். ஒரு பாட்டின் நடுவில் வரும் கிடாரை வெட்டலாம் என்றேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டையே எடுத்துவிட்டு, “கை கால வெட்டிக் கூட்டிட்டுப் போறதுக்கு, அது வூட்லயே இருக்கட்டும்” என்றாய்.

கடைசிப் பாட்டை நீ தனியாகவே முடித்து நேராக அண்ணனுக்கு அனுப்பினாய். அதற்குள் உனக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. அதைக் கம்பெனி பஸ்ஸில், எஞ்சின் இரைச்சலோடு இயர்போனில் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுச் சரி என்றேன்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் ஆலையிலிருந்து இரண்டு சோதனைத் தட்டுகள் வரும். கேட்டுவிட்டு நாம் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். அவை வந்தபோது நீ சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தாய். பெங்களூரில் வாங்கிய பழைய பிளேயரில் போட்டுக் கேட்டேன். எல்லாம் அருமையாக இருந்தது. கடைசிப் பாட்டில் மட்டும் உன் குரலுக்கு அடியில் பொரபொரவென்று ஒரு சத்தம். ஊசியைத் துடைத்தேன், தட்டைத் துடைத்தேன், இரண்டாவது தட்டைப் போட்டேன். அதே இடத்தில் அதே சத்தம். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சிவப்பு அட்டை கட்டுகிற கை சும்மா இருக்குமா? அச்சில் கோளாறு, வேறு அனுப்புங்கள் என்று ஆலைக்கு எழுதி, தட்டுகளைத் திருப்பி அனுப்பினேன். எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஆலைக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் முதலிலிருந்து புது அச்சு வெட்டித் தட்டு அனுப்பினார்கள். அதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. நான்காவது வாரம் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்து வந்து புதுத் தட்டைப் போட்டேன். அதே பொரபொர. கோபத்தோடு அண்ணனுக்குப் போன் செய்தேன். எந்தப் பாட்டில் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “அது கோளாறு இல்லம்மா. புழு தழை திங்கற சத்தம். உங்க தோழிதான் போன்ல புடிச்சுப் பாட்டுக்கு அடியில போட்டாங்க. அவகிட்ட சொல்லாதீங்கண்ணா, தட்டுல அவளே கண்டுபுடிக்கட்டும்னு சொன்னாங்க” என்றார்.

கூடு கட்டுவதற்கு முந்தைய வாரம் புழுக்கள் தின்கிற சத்தம் மழையேதான். முதல் தடவை அதைக் கேட்டபோது உன் வீட்டில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். மழை என்று நினைத்து அரைத் தூக்கத்தில் ஓடிப்போய், கொடியில் காய்ந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே வந்தேன். வெளியே கண் கூசுகிற வெயில். நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு வேலை அலுப்போடு வருகிற ஞாயிறுகளில் அந்த மனை வாசலில்தான் பாய் விரித்துத் தூங்கினேன். அந்தச் சத்தத்தை எனக்காகத் தட்டில் வைத்திருக்கிறாய். நான் அதைக் குறை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். காது இருந்து என்ன பிரயோஜனம்.

சரி என்று எழுதிக் கொடுத்தேன். தட்டுகள் வந்துவிட்டன. இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சோதனைத் தட்டுகளைத் திருப்பி அனுப்பிய அன்று, சேலத்திலேயே கூரியரில் போட்டுக்கொள்ளலாம் என்று முதலில் உன்னைப் பார்க்க வந்தேன். “தட்டு வந்துச்சாடி?” என்று கேட்டாய். “இன்னும் வர்ல” என்றேன். அது என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. குறையுள்ளதை உனக்குக் காட்டக் கூடாது என்று நினைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்தா மொதல்ல நீ கேளு. கேட்ட ஒடனே இங்க வா, போன்ல சொல்லாத” என்றாய். உன் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். உனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், தட்டில் கேட்டு நீ தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு வருகிற என் முகத்தைப் பார்க்கத்தான் நீ காத்திருந்தாய்.

இன்று காலை கடைசிப் பாட்டைப் போட்டேன். அந்தச் சத்தம் வந்ததும் சிரித்துவிட்டேன், அழவும் செய்தேன். நீ பார்க்க வேண்டிய முகம் இதுதான். காட்ட ஆளில்லாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.