மேல்காற்றை அடைத்த கட்டடத்தில் உன் பெயர்

என் உமாக்கா,

உனக்கு விருது கிடைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நல்ல அலுவலகக் கட்டடம் என்று, தென்காசி சாலையில் நீ வரைந்து நான் கட்டிய அந்த மசாலாக் கம்பெனி அலுவலகத்துக்குச் சென்னையில் ஒரு சங்கம் விருது தருகிறது. நீ இல்லாததால் அடுத்த வாரம் மேடையேறி நான்தான் வாங்க வேண்டுமாம். அம்மா கட்டிக்கொண்டு வரப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். நீ போன பிறகு அவள் பீரோவைத் திறந்ததே அன்றைக்குத்தான்.

எனக்கு அதை வாங்க மனமில்லை. ஏன் என்று உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் நீ அதை வரைந்தாய். மேற்கே வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகிற செங்கல் சல்லடைச் சுவர், அதன் பின்னால் ஜன்னல்கள், சூடான காற்று மேலேறிப் போக நடுவில் வானம் பார்த்த கூடம். சித்திரையில் மின்விசிறி போட்டாலும் கொஞ்சம் வேர்க்கும் என்று முதலாளி அண்ணாச்சியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாய். "வேர்த்தா வேர்க்கட்டும் தாயி, கரண்டு மிச்சமாகுதுல்லா" என்றார் அவரும்.

காற்றில் தாள் பறக்கிறது என்று கணக்குப் பிரிவில் முறையிட்டபோது, ஆற்றிலிருந்து ஒரு சாக்குக் கூழாங்கல் அள்ளி வந்து மேசைக்கு மேசை வைத்தாய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிய கையில் பிளாஸ்திரிகூடப் பிரிக்கவில்லை. அன்றைக்கு உன்னைத் திட்டினேன்.

நீ போன கொஞ்ச நாளிலேயே வெளியூரிலிருந்து வந்த பெரிய ஏஜெண்ட் ஒருவர், "ஏசி இல்லாத ஆபீஸா, பள்ளிக்கூடம் மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வே சிதம்பரம், வாரவன் பூரா மூக்கச் சுளிக்கான். அந்த ஓட்டைச் சுவத்துக்கு மேல கண்ணாடியப் போட்டு மூடிரும்."

"மூடிட்டா அக்கா வரைஞ்சதுல என்ன மிஞ்சும் அண்ணாச்சி?"

"செத்தவளுக்கு வேர்க்கவா போகுது? இருக்கவங்களப் பாரும்."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. உன் காரியம் முடியும்வரை நம் வீட்டு வாசலிலேயே நின்றவர். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. என்னால் ஆகாது என்று எழுந்து வந்துவிட்டேன். வேறொரு ஒப்பந்தக்காரர் வந்து செய்துவிட்டுப் போனார். மேற்கே முழுக்க நீலக் கண்ணாடி, கூடத்துக்கு மேலே மூடி, ஜன்னல்களுக்கு ஸ்க்ரூ, மாடிக்கு மாடி ஏசி, பின்னால் ஜெனரேட்டர். மொட்டைமாடியில் நீ வைத்த சூரியத் தகடுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் தகடுகளின் படத்தையும் உன் பழைய வரைபடங்களையும் அனுப்பித்தான் விருதுக்கு விண்ணப்பித்தார்களாம். நேரில் வந்து பார்க்கச் சங்கத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா?

வரவேற்பறையில் உன் படத்துக்கு மாலை போட்டு, கீழே சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு மாட்டியிருக்கிறார்கள். இரவும் பகலும் எரிகிறது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சொந்தக்காரர் வீடென்றும் பாராமல் அணைத்துவிட்டு வருபவள் நீ. அண்ணாச்சி அதை மரியாதை என்றுதான் நினைக்கிறார்.

விழாவுக்கு முன் மகள் கட்டியதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று கூட்டிப் போனேன். வாசல் கருங்கல்லில் 'வடிவமைப்பு' என்று இருப்பதற்குக் கீழே உன் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏலே, என்ன இப்படிக் குளிருது? காத்து வரும்னுல்லா அக்கா சொல்லுவா?"

நான் பதில் சொல்லுமுன் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. கண்ணாடிக்கு வெளியே வேப்பமரத்தை மேல்காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தாள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போனார்கள். கணக்குப் பிரிவு ஜெபா வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து வந்தாள்.

"ஜன்னலத் தொறக்கக் கூடாதாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"தொறக்க முடியாதும்மா, முறுக்கி வச்சிருக்காங்க. ஏசி ஓடுனா தலவலி, நின்னா மூச்சு முட்டுது. போன வாரம் படியிலயே மயங்கிட்டேன்." அது அம்மாவுக்குச் சொன்ன பதில்தான். ஆனால் சொல்லிவிட்டு உன் படத்தைப் பார்த்தாள், அக்கா. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய்ப் போட?

அம்மா அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து நிழலில் உட்காரவைத்தாள். பிறகு அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம் மவ பேரச் சொல்லியா இந்தப் பிள்ளையள அடைச்சு வச்சிருக்கான்? எடுக்கச் சொல்லு லே."

"அம்மா, அது ஒண்ணுதான்..."

"தெரியும் லே. எடுக்கச் சொல்லு."

அண்ணாச்சியிடம் பேசினேன். விழா முடியட்டும் என்றார், கெஞ்சினார், கோபப்பட்டார். கடைசியில், "உம்ம இஷ்டம் வே" என்று போனை வைத்துவிட்டார். ஜன்னல் ஸ்க்ரூவைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதை நான் விடப்போவதில்லை. விருது வேண்டாம் என்று சங்கத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

நீ பிள்ளைகுட்டி என்று யாரையும் விட்டுப் போகவில்லை. இந்த ஊரில் உன் பெயர் எழுதியிருப்பது அந்த ஒரு கல்லில்தான். வெள்ளிக்கிழமை கல் தேய்க்கும் மெஷினோடு போகிறேன், அம்மாவும் வருகிறாள். வேறு ஆள் கை படவிடாமல் நானே எடுக்கிறேன், ஓர் எழுத்தும் மிஞ்சாமல். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
சிதம்பரம்