ஒரு இடம் முன்னால்

எப்போதும் எனக்கு முன்னே நடந்த அக்காவுக்கு,

நீ கல்லறைக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நம் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு இன்னும் அதே முறைதான். சேர வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒன்று விட்டு ஒன்று பிரிக்கிறோம். அன்று ஒன்று உனக்கு, அடுத்தது எனக்கு. இப்போது உன் வகுப்பில் ஒரு புதிய டீச்சர்.

உன் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தைப் பிடித்தார்கள். என் பிள்ளைகள் ராகம் போட்டுப் பாடம் ஒப்பித்தார்கள். அந்த ராகத்தில் நான் கண்ணயர்வேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று பிரகாசி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் வாசித்தாள். மனிதர் அதைக் கவனிக்காமல் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் பிரகாசி உன் வகுப்புக்கு வரவேண்டியவள். சேர்க்கும் நாளில் அவளுக்கு அடுத்து என் மகள் லூர்து நின்றாள். எண்ணிப் பார்த்தேன், லூர்து எனக்கு விழுவாள். பாவாடையைச் சரிசெய்வதுபோல அவளை ஒரு இடம் முன்னால் நகர்த்திவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில் நீ கேட்டாய்: "உனக்க வகுப்பு எப்படின்னு உனக்கும் தெரியும், இல்லியாலே?"

நான் குனிந்து லூர்துவின் பாவாடையை மறுபடியும் சரிசெய்தேன்.

லூர்து இன்று தக்கலையில் டீச்சர். பிரகாசி மணவாளக்குறிச்சி ஆலையில் மணல் சுமக்கிறாள். போன வாரம் கொழும்பிலிருந்து புருஷன் எழுதிய கடிதத்தோடு வந்தாள்.

"வாசிச்சுத் தாருங்க சாரே. நீங்க படிப்பிச்ச முதல் பாடம் இப்பவும் மனசில உண்டு. இத வாசிக்கத்தான் தெரியல்ல."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலே முதல் பாடத்தை ஒப்பித்தும் காட்டினாள்.

கடிதத்தில் இருந்தது மனைவிக்கு மட்டுமான பேச்சு. நான் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. வரிசையில் நான் செய்ததை அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமோ?

நேற்று புதுப் பிள்ளைகளைச் சேர்த்தோம். பிரகாசியின் மகளும் வரிசையில் நின்றாள். எண்ணினேன், எனக்குத்தான் விழுந்தாள். ஒரு இடம் முன்னால் நகர்த்தக் கை எழுந்தது. நகர்த்தினால் அங்கே நிற்கும் பிள்ளை என்னிடம் வரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நாளை காலையில் என் வகுப்பு விரலால் எழுத மணலுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரகாசியையும் வரச் சொல்லியிருக்கிறேன். கொழும்புக் கடிதத்தை அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாசிக்கும்வரை நான் கண்ணயர மாட்டேன்.

இப்படிக்கு,
தெரிந்தே செய்த உன் தம்பி