தொங்குபாறைத் தேனும் மாறாயர் வைத்த பந்தயமும்

மழை பொய்யாதிருக்க, மலை குளிர்ந்திருக்க. நடப்பன, ஊர்வன, பறப்பன யாவும் அரசாணைக்கு அடங்குவதும், வெயிலும் உத்தரவு பெற்றே அடிப்பதுமாகிய வேய்நாட்டின் மன்னர் செங்கதிர்க்கண்ணனார் திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் பூதங்குமரன் தொங்குபாறைத் தேனெடுப்போர் தலைவி நீலாத்தியாருக்கு எழுதும் ஓலை. தங்கள் குடியும் கூடையும் நிறைந்திருக்க.

இக்கோடையில் நடந்ததைத் தாங்கள் பாறைக்குக் கீழிருந்து கண்டீர்கள். மேலிருந்து கண்டது இதில் உள்ளது.

கொடிக்கயிற்றில் இறங்குவோர் ஆயுதம் ஒழித்து, தேனீக்களை மாமியாராகப் பாவித்து, மருமகன் முறையில் உத்தரவு கேட்டே தேனெடுக்க வேண்டும் என்பதும், தமக்கை தாலிமேல் அக்கறை உள்ளவன் என்பதால் மனைவியின் தம்பியே கயிறு பிடிக்க வேண்டும் என்பதும் தங்கள் வழக்கம். இதைச் சபையில் கேட்ட படைத்தலைவர் அடலேறு மாறாயர் வயிறு குலுங்கச் சிரித்தார். இருகால் படையையும் நாற்கால் படையையும் வென்ற தமக்கு அறுகால் படை ஒரு பொருட்டன்று என்றார். உத்தரவு கேளாமல் மூன்று நாளுக்குள் ஒரு கூடைத் தேன் எடுத்தால் பாறை படைக்குச் சேரும், இல்லையேல் என்றென்றும் தங்கள் குடிக்கே என்று பந்தயம் முடிவாயிற்று.

அப்போது தாங்கள் சொன்னது சபைக்குறிப்பில் உள்ளபடி: "கேடயத்த வெச்சுட்டுப் போங்க சாமி. மாமியா வீட்டுக்கு யாராச்சும் சண்டைச்சட்டை போட்டுட்டுப் போவாங்களா?"

மாறாயர் போட்டுக்கொண்டே போனார். எட்டு முரசும் இரண்டு கொம்பும் முழங்க, இரும்புச் சட்டையோடு இறங்கினார். அம்பை வெளியே நிறுத்தும் சட்டை தேனீயை உள்ளே நிறுத்தும் என்பது அன்று நாட்டுக்குத் தெரியவந்தது. மேலே இழுத்ததும் அருகிலிருந்த சுனையில் குதித்தவர், பொழுது சாயும்வரை மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தார். அது பின்வாங்கல் அன்று, நீர்நிலை ஆய்வு என மன்னருக்கு அறிவிக்கப்பட்டது. பாசறை திரும்பியபோது சொந்தக் காவலரே முகம் அடையாளம் தெரியாமல் மறித்தனர். அவர்தம் விழிப்பைப் பாராட்டிப் பரிசு அறிவித்தார். உதடு வீங்கியிருந்ததால் என்ன பரிசு என்பது இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை.

இரண்டாம் நாள் மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்திருந்தார். கொம்பூதுவோர் இருவரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை முரசில்லை, சட்டையில்லை. இடுப்பில் ஒரு துண்டோடு இறங்கினார். சற்று நேரத்தில் கூடை நிறைந்து மேலே வந்தது. அவர் மேல் ஒரு கொட்டுகூட இல்லை. மேலேறியவர் கூடையை வைத்துவிட்டு நேரே பாசறைக்கு நடந்தார். பாறை கைவிட்டுப் போயிற்று என்று தாங்கள் தேன்குடுவைகளைக் கவிழ்த்து வைத்ததும், இனி வேறு மலை பார்ப்போம் என்று குடியினரிடம் சொன்னதும் மேலிருந்து தெரிந்தது.

ஆகவே ஆணையாவது: குடுவைகளை நிமிர்த்துக. பந்தயத்தில் மாறாயர் தோற்றார். தொங்குபாறையும் அதன் சுனையும் அங்கே கட்டும் கூடுகளும் வாரிசு வாரிசாக நீலாத்தியார் குடிக்கே உரியன. மறிப்பவர் எவராயினும் கொம்பு முழங்க, இரும்புச் சட்டையோடு அப்பாறையில் இறக்கப்படுவர். இப்படிக்கு வேங்கைப்பூ முத்திரை அழுந்தியது, ஓலை கட்டப்பட்டது.

ஆணைக்கு ஆதாரமான சாட்சியம் முத்திரைக்குக் கீழே சேர்க்கப்பட்டது. மாறாயரின் மனைவிக்குத் தம்பி இந்த ஓலைநாயகமே. கயிறு பிடித்தவன் காதில் என்ன விழுந்தது என்று மன்னர் வினவ, அக்காள் கோபத்துக்கு அஞ்சியும் உண்மையே உரைத்தான். மூன்றாம் நாள் கூட்டின் அருகே போனதும் மாறாயர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைகூப்பினார். குரலைத் தாழ்த்தி, "மாமி, உங்க மருமகன் வந்திருக்கேன். முந்தாநாள் மேளத்தோட வந்தது தப்புதான், மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு கூடை மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்றார். பாதி அடையை விட்டுவைத்தார். கயிற்றை ஆட்டி இழுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி கூட்டின் பக்கம் திரும்பி, வீட்டில் பிள்ளைகளெல்லாம் சுகந்தானே என்று விசாரித்தார்.