கூடுதலாக வைக்கப்பட்ட ஒரு தட்டு

அனுப்புநர்:
இரட்டைக் குழந்தைகளின் தாய்,
தையற்கூடத் தொழிலாளி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
மழலையர் பள்ளிகள் பிரிவு.

பொருள்: எங்கள் மழலையர் பள்ளி ஆசிரியையின் மீதான பணி இடைநீக்க ஆணையை விலக்கிக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு ஒரே பிரசவத்தில் பிறந்த குழந்தைகள் இருவர், ஒரு பெண், ஓர் ஆண். சில நிமிடங்களே மூத்தவள் என்றாலும் அக்கா என்ற உரிமையை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "தம்பிக்குத் தண்ணி வேணுமாம்", "தம்பிக்கு இந்தச் சட்டை புடிக்கலையாம்" என்று அவனுக்கும் சேர்த்து அவளே பேசுவாள். அவன் தலையை ஆட்டுவான். துரைக்கு வக்கீல் வைத்திருக்கிறோம் என்று என் கணவர் கேலி செய்வார். சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் இறந்துவிட்டாள். பள்ளியில் அவள் பெயரை நீக்கும்படி எழுதிக் கொடுத்தவளும் நானே.

2. அதன்பின் மகன் பேச்சை நிறுத்திவிட்டான். இரவில் கண்ணை மூடவும் மறுத்தான். வீடு தேடி வந்த ஆசிரியை, அவனிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று விசாரித்தார். அக்கா தூங்குகிறாள் என்று சொல்லியிருந்தோம். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. தூங்கினா திரும்பி வரமுடியாதுன்னு பயப்படுறான். உள்ளதைச் சொல்லிடலாம், நானும் கூட உட்கார்றேன்" என்றார். சொன்னபடி உட்கார்ந்தார். அந்த மாலையை இம்மனுவில் விவரிக்க என்னால் இயலவில்லை. மன்னிக்கவும். அன்றிரவு அவன் தூங்கினான் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. இப்பள்ளியில் மதிய உணவுக்குப் பிள்ளைகளே முறைவைத்துத் தட்டு வைப்பது வழக்கம். தன் முறை வரும்போதெல்லாம் என் மகன் தன் பக்கத்தில் ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பான். அதில் உணவு பரிமாறப்பட்டதே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் அவனே கழுவிக் கவிழ்ப்பான். இதைத் தடுக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அவனா வைக்கிறான், அவனா ஒருநாள் விட்டுடுவான். நாம பிடுங்க வேண்டாம்" என்றார் ஆசிரியை. எங்களையும் வாரம் ஒருமுறை வகுப்பில் வந்து உட்காரச் செய்தார். லாரி ஓட்டும் என் கணவர் அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து களிமண் உருட்டினார். அவனுக்கு என்ன வேண்டும் என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க அங்கேதான் பழகினோம். பெற்ற வயிற்றுக்கு அது லேசான வேலை இல்லை, ஐயா. ஒருநாள் அவன் தன் அப்பாவிடம், "இன்னும் கொஞ்சம் மண்ணு" என்று கேட்டான். அவர் முகம் கழுவ வெளியே போய்விட்டார்.

4. இந்நிலையில் தங்கள் மேற்பார்வையாளர் அம்மையார் சாப்பாட்டு வேளையில் பார்வையிட வந்தார். பிள்ளைகளையும் தட்டுகளையும் எண்ணிப் பார்த்ததில் ஒரு தட்டு அதிகம் இருந்தது. "இது யாருக்குடா?" என்று கேட்டிருக்கிறார். "அக்காவுக்கு" என்று என் மகன் பதில் சொல்லியிருக்கிறான். முன்பின் அறியாத ஒருவரிடம் அவன் தன் வாயால் பேசியது அதுவே முதல் தடவை. அதைக் கேட்க நான் அங்கே இல்லையே என்று இன்றும் அழுகிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லே ஆசிரியைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கற்பனைக் குழந்தை ஒன்றைக் கணக்கில் காட்டி உணவு பெற்றதாகச் சொல்லி, அவர் விளக்கத்தைக் கேட்காமலேயே இடைநீக்கம் செய்துள்ளீர்கள். என் மகள் கற்பனை அல்ல, ஐயா. ஊசி போட வந்த டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு, அவரையே மன்னிப்புக் கேட்க வைத்தவள் அவள்.

5. ஆசிரியை பையை எடுத்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்த என் மகன், "நான் சொன்னதாலதான் டீச்சரைப் போகச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவர் எப்போது வருவார் என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதன்பின் அவன் பேசவில்லை. யாராவது கேள்வி கேட்டால் இப்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறான். புதிதாக வந்திருக்கும் ஆசிரியை நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். அவருக்கு என் மகன் சாதுவான பிள்ளை, அவ்வளவுதான்.

6. ஆகவே, என் மகளின் பெயர் அன்றே நீக்கப்பட்டுவிட்டதைப் பள்ளிப் பதிவுகளில் சரிபார்த்து, இடைநீக்கத்தை விலக்கி, ஆசிரியையை அதே வகுப்புக்குத் திருப்பி அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மேற்பார்வையாளர் அம்மையார் மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை. ஆசிரியையோடு அவரும் ஒருமுறை வகுப்புக்கு வந்து, அந்தக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, "நீ பேசினதுல தப்பே இல்லடா கண்ணு" என்று என் மகனிடம் சொன்னால் போதும்.

இம்மனுவுக்கான பதிலை எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். பதில் என் மகனுக்குச் சேர வேண்டியது. அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.

இடம்: தையற்கூடம்
நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை

இப்படிக்கு,
(கையொப்பம்)
இரட்டைக் குழந்தைகளின் தாய்